சாட்சியும் காவலும்

பெங்களூரு நகரின் அல்சூர்ப் பகுதியில் சோமேசுவரர் திருக்கோயில் இருக்கிறது. சோழர் காலத்தில் தோன்றிப் பின்னர் விஜயநகர காலத்தில் விரிவடைந்தது எனப்படும் இத்தலம், அந்நகரின் மிகப் பழைய ஆலயங்களுள் ஒன்று. அல்சூரில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் நெருக்கமான சன்னிதி. அங்கே நெடுங்காலமாகத் திருமணங்கள் நடந்துவந்தன. 2025 டிசம்பரில் நாளேடுகளில் வெளியான ஒரு செய்தி அன்பர்கள் பலரைத் திடுக்கிடச் செய்தது. சில ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஆலயம் திருமணச் சடங்குகள் நடத்துவதை நிறுத்திவிட்டது என்பதே அச்செய்தி.

நிர்வாகம் கூறிய காரணம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அன்று. வீட்டாருக்குத் தெரியாமல் வந்து, உண்மையல்லாத ஆவணங்களைக் காட்டி மாலை மாற்றிக்கொள்ளும் இணையர் பெருகினர். சில நாட்களில் பெற்றோர் வந்து நின்றனர். வழக்குகள் எழுந்தன, மணமுறிவு வழக்குகளும் கூடின. மந்திரம் சொன்ன அர்ச்சகர்கள் சாட்சி சொல்ல நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. ஆலயத்தின் நற்பெயரை எண்ணி நிர்வாகம் கதவைச் சாத்திக்கொண்டது.

தவம் செய்து தன் நாயகனைத் தானே அடைந்த அன்னையின் மணாளன் எழுந்தருளியிருக்கும் இடம் அது. தவத்துக்குப் புறப்பட்ட மகளைத் தாய் மேனை ‘வேண்டாம்’ என்று தடுத்த சொல்லே உமா என்னும் திருநாமம் ஆயிற்று என்று காளிதாசர் கூறுவதுண்டு. தாயின் தடையையே பெயராகப் பெற்றவளின் சன்னிதியில், தடையை மீறி வந்தவர்களுக்கு மணம் இல்லை என்றாயிற்று. ஆயினும் அர்ச்சகர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் அஞ்சியது காதலைக் கண்டு அன்று. பொய்க்குச் சாட்சியாக நேர்வதைக் கண்டு.

சாட்சி சொல்ல அஞ்சியவர்கள் இவர்கள். இதே கர்நாடக மாநிலத்தில், யாரும் அழையாமலே காவலுக்கு வந்தவர்களும் உண்டு.

அழையாத காவலர்

2009 ஜனவரி 24 அன்று மங்களூரில் மதுவிடுதி ஒன்றினுள் ஸ்ரீராம சேனை என்ற அமைப்பினர் புகுந்து, அங்கிருந்த இளம்பெண்களையும் இளைஞர்களையும் அடித்துத் துரத்தினர். தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னிலையிலேயே அது நடந்தது. பாரதப் பண்பாட்டைக் காப்பதாக அவர்கள் சொன்னார்கள். அடுத்து வந்த பிப்ரவரி 14 அன்று சேர்ந்து காணப்படும் இணையரைப் பிடித்து, மஞ்சள் கிழங்கும் தாலியும் கொண்டு அங்கேயே மணம் முடித்துவைப்போம் என்று அவ்வமைப்பின் தலைவர் பிரமோத் முத்தாலிக் அறிவித்தார். அரசு அவரையும் மற்றும் பலரையும் முன்னெச்சரிக்கையாகக் காவலில் வைத்தது. பெங்களூருவிலும் அந்த மாதத்தில் பெண்கள் உடைக்காகவும் நடைக்காகவும் தெருவில் தாக்கப்பட்டனர். எதிர்ப்பாக நாடெங்கிலுமிருந்து பெண்கள் அந்த அமைப்பின் முகவரிக்கு இளஞ்சிவப்பு உள்ளாடைகளை அஞ்சலில் அனுப்பினர். எதிர்ப்பின் அந்த முறை பெரியோர் பலருக்கு உவப்பாக இல்லை. ஆனால் அவர்களை அவ்வளவு தூரம் தள்ளியது எது என்பதையும் கூடவே எண்ண வேண்டியிருந்தது. 2010 பிப்ரவரியில் பெங்களூருவில் காதலர் தினம் பற்றிய ஒரு விவாதத்துக்கு வந்த முத்தாலிக்கின் முகத்தில் எதிர்த்தரப்பினர் சிலர் கரி பூசினர். அதையும் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இயலாது. மங்களூர் வழக்கில் போதிய சான்று இல்லை என்று 2018 மார்ச்சில் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது.

இவற்றுக்கிடையே ஒரு சிறு செய்தி பலர் நினைவிலிருந்து நழுவிவிட்டது. 2009 பிப்ரவரியில் அதே தட்சிண கன்னட மாவட்டத்தில், வேற்று மதத்து இளைஞன் ஒருவனோடு பேருந்தில் சென்றாள் என்பதற்காகப் பலர் முன் அவமதிக்கப்பட்ட பள்ளி மாணவி ஒருத்தி உயிரை விட்டாள். பண்பாடு காக்கப்பட்டது என்று சொல்பவர் இந்தக் குழந்தையை எந்தக் கணக்கில் எழுதுவார்?

ஒரு மதத்தாரை மட்டும் சொல்லி முடித்துவிடும் நோயும் அன்று இது. 2021 செப்டம்பரில் பெங்களூருவில், உடன் பணிபுரியும் பெண்ணை இருசக்கர வண்டியில் வீட்டில் விடச் சென்ற இளைஞர் வழிமறித்துத் தாக்கப்பட்டார். பெண் இசுலாமியர், இளைஞர் இந்து, மறித்தவர்கள் பெண்ணின் மதத்தினர். அவர்களிடையே காதல் என்பதற்கே இடமில்லை, வேலை முடிந்து வீடு திரும்பினார்கள், அவ்வளவுதான். காவலுக்கு வந்தவர் கண்ணுக்கு அதுவே போதுமானதாயிற்று. போலீசார் விரைந்து இருவரைக் கைது செய்தனர். பின்னர் 2023 ஜூனில், இத்தகைய செயல்களைத் தடுக்க மங்களூர் மாநகரக் காவல்துறையில் தனிப் பிரிவு ஒன்று அமைக்கப்படும் என மாநில உள்துறை அமைச்சர் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது.

மஞ்சளும் தாலியும் கொண்டு வருவோம் என்ற அந்த அறிவிப்பில் சற்று நிற்க வேண்டும். திருமாங்கல்யம் அங்கே தண்டனைக் கருவியாகிவிட்டது. தர்மசாஸ்திரங்கள் விவாகத்தை எட்டு வகையாகப் பகுத்துள்ளன. பிரமம், தெய்வம், ஆரிஷம், பிராஜாபத்தியம், ஆசுரம், காந்தருவம், இராட்சசம், பைசாசம் என்பவை அவை. இவற்றுள் ஆணும் பெண்ணும் தாமே விரும்பிக் கூடுவதற்குக் காந்தருவம் என்று பெயர். வலிமையால் நிகழ்வதற்கு இராட்சசம் என்று பெயர். தெருவில் போகும் இருவரைப் பிடித்து அயலார் கட்டாயத் தாலி கட்டவைப்பதற்கு எட்டில் ஓர் இடம் தேட வேண்டுமானால், அது எந்தப் பெயரின் பக்கம் போய் நிற்கும் என்பது வெளிப்படை.

சகுந்தலை கூறிய சாட்சி

காந்தருவ விவாகத்தைப் பற்றிச் சாஸ்திரங்கள் ஒரே குரலில் பேசவில்லை. மநு அதைக் காமத்தில் பிறந்தது என்று கூறி, சிறப்பான நான்கோடு சேர்க்காமல் விடுகிறார். போதாயனரோ, அன்பை அடியொற்றி வருவதால் அதையே எல்லோருக்கும் உரியதாகப் புகழ்வோர் உண்டு என்று எடுத்துச் சொல்கிறார். வாத்ஸ்யாயனரும் அதை உயர்த்தியே பேசுகிறார். இவ்விரு குரல்களுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதை மகாபாரதம் ஆதி பர்வத்தில் ஒரு கதையாக விரித்துக் காட்டுகிறது.

சகுந்தலையின் கதையை அநேகர் காளிதாசரின் நாடகம் வழியாகவே அறிவர். மோதிரம், துர்வாசரின் சாபம், மறதி எல்லாம் நாடகத்தில் வருபவை. வியாசர் சொல்லும் கதையில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. கண்வர் இல்லாத நேரத்தில் ஆசிரமத்துக்கு வந்த துஷ்யந்தன் சகுந்தலையை விரும்புகிறான். அவள் அன்பில் கரைந்து உடனே இசைந்துவிடவில்லை. தனக்குப் பிறக்கும் மகனே அரசுக்கு உரியவன் ஆக வேண்டும் என்று தெளிவாகக் கேட்டு, வாக்கு வாங்கிக்கொண்ட பிறகே காந்தருவ முறையில் மணக்கிறாள்.

கண்வர் திரும்பி வருகிறார். ஞானக்கண்ணால் யாவும் உணர்கிறார். தந்தை என்ற நிலையில் அவர் கூறுவது இன்றைய பெற்றோர் ஒவ்வொருவரும் படிக்கத் தக்கது: தன்னைக் கேளாமல் தனிமையில் நிகழ்ந்த இந்தக் கூட்டுறவு தர்மத்தைக் கெடுப்பதாகாது என்கிறார். அவர் நாணத்தோடு நின்ற மகளுக்கு வரம் தருகிறார்.

ஆண்டுகள் கழித்து மகனோடு அரசவைக்கு வந்து நிற்கிறாள் சகுந்தலை. துஷ்யந்தனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. இருந்தும் அறியேன் என்கிறான். அவள் பிறப்பையே இழித்துப் பேசுகிறான். அவளுக்கு அங்கே ஒரு சாட்சியும் இல்லை. அப்போது அவள் கூறும் மறுமொழி இதிகாசத்தின் மிக உயர்ந்த இடங்களுள் ஒன்று. யாரும் பார்க்கவில்லை, தனியாகத்தான் இருந்தோம் என்று நினைக்கிறாயே, உன் நெஞ்சில் உறையும் பழம்பெரும் முனிவனை நீ அறியவில்லையே என்று கேட்கிறாள். கதிரும் மதியும், காற்றும் தீயும், பகலும் இரவும், அறமும் மனிதன் செய்வதை அறியும் என்கிறாள். வாய்மை ஆயிரம் அசுவமேதங்களை விடக் கனமானது என்று அரசனுக்கு அறிவுறுத்துகிறாள். இறுதியில் அசரீரி ஒலித்த பிறகே அரசன் இணங்குகிறான். தனக்கு முன்பே தெரியும் என்றும், அவள் சொல்லை மட்டும் நம்பி ஏற்றிருந்தால் உலகம் ஐயுற்றிருக்கும் என்பதால் அவ்வாறு பேசியதாகவும் அப்போது அவன் ஒப்புக்கொள்கிறான்.

இந்த ஒப்புதல் சிறிதன்று. பேரரசன் ஒருவன் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி, தான் வாக்களித்த பெண்ணை நிறைந்த அவையில் அவமதித்தான். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற அச்சம் அத்தனை பழையது, அத்தனை கொடியது. இதிகாசம் அவனை வாழ்த்துகிறது என்றாலும், அவையில் அறம் பேசியவளாக அது நிறுத்துவது சகுந்தலையைத்தான்.

நெஞ்சில் உறையும் முனிவன் என்று அவள் குறித்த பொருளை வேதாந்தம் சாட்சி என்று அழைக்கிறது. சுவேதாசுவதர உபநிஷதம் இறைவனை அச்சொல்லாலேயே சுட்டுகிறது. முண்டக உபநிஷதத்தில் ஒரே மரத்தில் இரு பறவைகள் வருகின்றன. ஒன்று கனியை உண்கிறது, மற்றொன்று பார்த்திருக்கிறது. பார்த்திருக்கும் பறவை உண்ணும் பறவையைக் கொத்தியதாக எந்த உரைகாரரும் எழுதவில்லை. கனியின் இனிப்பையும் கசப்பையும் உண்டு களைத்த பறவை ஒருநாள் தானே தலைநிமிர்ந்து மற்றதைக் காண்கிறது. அப்போது அதன் துயர் நீங்குகிறது. சாட்சி காத்திருக்கும்.

அலரும் அறத்தொடு நிற்றலும்

தமிழ் மரபு இதே வினாவை இன்னும் நுட்பமாக அணுகியிருக்கிறது. தொல்காப்பியம் காதல் வாழ்வைக் களவு, கற்பு என இரண்டாகப் பிரிக்கும். பிறர் அறியாமல் இருவர் நெஞ்சம் ஒன்றுபடுவது களவு. ஊரறிய மணந்து வாழ்வது கற்பு. களவியலின் தொடக்கத்திலேயே, மறையோர் கூறும் எட்டு மணங்களுள் யாழ் வல்ல காந்தருவரின் முறையே தமிழர் களவுக்கு ஒப்பானது என்று ஆசிரியர் குறிக்கிறார். வடமொழி மரபும் தென்மொழி மரபும் கைகோக்கும் அரிய இடம் இது.

களவிலும் சாட்சியின் கவலை உண்டு. குறுந்தொகையில் கபிலர் பாடிய ஒரு பாட்டில் தலைவி, தன்னை அவன் மணந்த நாளில் அங்கே வேறு யாரும் இல்லையே என்று நினைந்து கலங்குகிறாள். அவன் பொய்த்துவிட்டால் அவளால் என்ன செய்ய இயலும்? ஓடும் நீரில் மீனுக்காகக் காத்திருந்த ஒரு குருகு மட்டும் அங்கே இருந்தது. அதுவும் இரையைத்தான் பார்த்தது. அரசவையில் நின்ற சகுந்தலையின் துயரத்தைச் சில அடிகளில் சொல்லிவிடுகிறது அந்தக் குருகு.

இத்துயருக்கு மருந்தாகவே சடங்கு வந்தது என்பது தொல்காப்பியரின் கருத்து. பொய்யும் தவறும் உலகில் தோன்றிய பிறகே பெரியோர் ‘கரணம்’ என்னும் மணச்சடங்கை வகுத்தனர் என்கிறது கற்பியல். அன்பு கொண்டவன் பின்னர் ‘அறியேன்’ என்று சொல்லிவிடாதபடி அவனைச் சொல்லோடு கட்டுவதற்கு வந்த ஏற்பாடு அது. அன்பைத் தடுப்பது அதன் வேலையாகச் சொல்லப்படவில்லை. இன்னொரு விதியையும் அதே இயல் சேர்க்கிறது. பெண்ணைக் கொடுப்பவர்கள் இல்லாத இடத்திலும், அதாவது இருவரும் உடன்போக்காகச் சென்ற காலத்திலும், கரணம் உண்டு என்கிறது. பெற்றோர் இல்லை என்பதற்காக அவர்களுக்குச் சடங்கின் காப்பு மறுக்கப்படவில்லை. அல்சூர் ஆலயத்தின் இக்கட்டைப் படிக்கும்போது இந்த நூற்பா மனத்தில் வந்து நிற்கிறது. பொய் ஆவணத்தை ஆலயம் ஏற்க முடியாதுதான். ஆனால் வயதும் அடையாளமும் மெய்யாகவே சரிபார்க்கப்பட்டு, உண்மையோடு வந்து நிற்கும் இருவரையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டால், அவர்கள் சாட்சியே இல்லாத இடத்துக்குப் போவார்கள். குருகு மட்டும் இருக்கும் இடத்துக்கு.

ஊர்க்காவலையும் சங்கப் புலவர்கள் அறிவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் அம்பல், அலர். முணுமுணுப்பாக இருக்கும் வரை அம்பல். வெளிப்படையாகப் பரவிவிட்டால் அலர். தெருவில் மகளிர் மூக்கில் விரல் வைத்துப் பேசுவது, தாய் மகளை வீட்டுக்குள் வைத்துக் காப்பது, மகளின் மெலிவு முருகனால் வந்தது என்று எண்ணி வேலனை அழைத்து வெறியாடச் செய்வது, இவை யாவும் பாட்டுகளில் வருகின்றன. (மகளின் முகவாட்டத்துக்கு ஜாதகக் கட்டத்தில் காரணம் தேடும் இன்றைய அன்னையரும் அந்தத் தாயின் வழிவந்தவர்களே.) புலவர்கள் தாயை இரக்கத்தோடு பார்க்கிறார்கள்; அலர் தூற்றுவோரை ஒருபோதும் அறத்தின் காவலராகப் போற்றவில்லை. இன்று காவலுக்கு வந்தவர்கள் அந்த அலரின் கையில் தடி கொடுத்தவர்கள்.

அலரிலிருந்து மீளும் வழிக்குத் தமிழ் இட்ட பெயர் ‘அறத்தொடு நிற்றல்’. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும் உண்மையை முறையாக எடுத்துரைப்பதே அது. மறைந்திருந்த அன்பைக் குடும்பத்தினுள் வெளிப்படுத்தும் செயலுக்கு முன்னோர் ‘அறம்’ என்ற சொல்லையே வைத்தார்கள். பத்துப்பாட்டுள் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு முழுவதும் இந்த ஒரே நிகழ்ச்சிதான். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்த வேண்டியபோது கபிலர் எடுத்துக்கொண்ட பொருள் இது. தோழி செவிலியிடம் நடந்ததையெல்லாம் சொல்கிறாள். யானையிடமிருந்து காத்தவன் மலையுச்சித் தெய்வத்தைத் தொழுது, அருவி நீரைக் குடித்துச் சூளுரைத்ததையும் சொல்கிறாள். தெய்வம் சாட்சி, தோழி சாட்சி. இனிக் குடும்பமும் சாட்சியாக வேண்டும் என்பதே அவள் கேட்பது.

குடும்பம் செவிசாய்க்கவில்லையெனில் உடன்போக்கு நிகழும். கலித்தொகையின் பாலைக்கலியில் செவிலித்தாய் பாலை வழியில் மகளைத் தேடி ஓடுகிறாள். எதிரே குடையும் உறியில் தொங்கும் கமண்டலமும் முக்கோலும் தாங்கிய துறவியர் வருகிறார்கள். என் மகளையும் ஒருத்தி பெற்ற மகனையும் கண்டீர்களா என்று கேட்கிறாள். கண்டோம் என்கிறார்கள். மலையில் பிறக்கும் சந்தனம் பூசுபவர்க்கன்றி மலைக்கு என்ன பயன் தரும்? கடலில் பிறக்கும் முத்தும், யாழில் பிறக்கும் இசையும் அத்தகையவையே என்று எடுத்துக்காட்டி, அவள் சென்ற வழி அறத்தின் வழியே, வருந்தாதே என்று தாயைத் தேற்றுகிறார்கள். புலனடக்கத்தையே வாழ்வாகக் கொண்ட துறவியர் வாயில் புலவர் இம்மொழியை வைத்திருப்பது எண்ணத்தக்கது. காதலைக் கண்டு பதறாதவர், காமத்தை வென்றவரே.

காவல் எங்கே இருக்கிறது

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா என்ற வினா எழும். நியாயமான வினா. காவல் வேண்டும் என்பதில் சாஸ்திரங்களுக்கு ஐயமில்லை. அது எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் தெளிவு வேண்டும்.

மநுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணுக்குத் தன்னுரிமை இல்லை என்ற கடுஞ்சொல்லோடு தொடங்குவது மெய். பலர் அந்த இடத்திலேயே நூலை மூடிவிடுகிறார்கள். எதிர்ப்பவரும் அப்படியே, ஆதரிப்பவரும் அப்படியே. சில சுலோகங்கள் தள்ளி அதே நூல் தன் சொல்லைத் தானே வரையறை செய்கிறது: ஆடவர் வீட்டுக்குள் அடைத்துவைத்துக் காத்தாலும் அது காவல் ஆகாது, தம்மைத் தாமே காப்பவரே நன்கு காக்கப்பட்டவர். மேலும், பருவமடைந்து மூன்றாண்டு காத்திருந்த கன்னி தானே கணவனைத் தேர்ந்துகொள்ளலாம், அதில் பாவமில்லை என்றும் கூறுகிறது. திருவள்ளுவரும் வாழ்க்கைத் துணைநலத்தில் வெளியிலிருந்து வைக்கும் காவல் பயனற்றது என்கிறார். பெண்களுக்கு மட்டும் சொன்னது என்று ஆடவர் ஒதுங்கிவிடவும் இடமில்லை. பெருமை என்ற அதிகாரத்தில், கற்புடைய மகளிர் போலத் தன்னைத் தானே காத்து நடப்பவனிடமே பெருமை தங்கும் என்று அதே அளவுகோலை எல்லோர்க்கும் நீட்டிவிடுகிறார்.

கீதையில் பகவான் ஏழாம் அத்தியாயத்தில், உயிர்களிடத்தே தர்மத்துக்கு மாறுபடாத காமமாக இருப்பது தானே என்கிறார். பதினாறாம் அத்தியாயத்தில் காமம், குரோதம், லோபம் மூன்றையும் நரகத்தின் வாயில்கள் என்கிறார். மூன்றாம் அத்தியாயத்திலோ காமத்தையும் குரோதத்தையும் ஒரே மூச்சில் ஒன்றாகவே பேசுகிறார். இளைஞரிடம் காமத்தைத் தேடிப் புறப்பட்டவர்கள் தம் கையில் குரோதத்தை ஏந்திப் போனார்கள். ஒரு வாயிலை அடைப்பதற்காக மற்றொரு வாயில் வழியே நுழைவதைச் சாதகர் எவரும் காவல் என்று கொள்ளமாட்டார்.

இளைஞருக்கும் இந்த மரபு சலுகை காட்டவில்லை. அது அவர்களிடம் கேட்பது வாய்மை. சகுந்தலை முதலிலேயே வாக்குக் கேட்டாள். குறிஞ்சிப்பாட்டின் தலைவன் தெய்வத்தின் முன் சூளுரைத்தான். வாக்குக் கொடுக்கத் துணியாமல் பழகுபவனும், முடிந்ததும் ‘அறியேன்’ என்பவனும், பொய்ச் சான்றிதழோடு அர்ச்சகர் முன் வந்து அமர்பவனும் துஷ்யந்தன் அவையில் அமர்ந்திருப்பவர்களே. முதல் அடியே பொய்யானால் ஏழடி எப்படி நடப்பது?

அசுவபதியின் வழி

மகளின் தெரிவை ஒரு தந்தை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதற்கு வனபர்வத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. சாவித்திரியின் பேரொளிக்கு அஞ்சி யாரும் பெண் கேட்டு வரவில்லை. தந்தை அசுவபதி, நீயே உனக்கு ஏற்றவனைத் தேடு என்று பெரியோர் துணையோடு தேரில் அனுப்புகிறார். அவள் நாடிழந்து காட்டில் வாழும் ஒருவரின் மகன் சத்தியவானைத் தேர்ந்து திரும்புகிறாள். அவையில் இருந்த நாரதர், அவன் ஆயுள் இன்னும் ஓராண்டே என்கிறார். எந்தத் தந்தைக்கும் இதைவிட வலுவான காரணம் கிடைக்காது. அசுவபதி, வேறொருவனைத் தேர்ந்துகொள் என்று சொல்லத்தான் செய்கிறார். ஒருமுறை நெஞ்சால் வரித்தபின் மாற்றமில்லை என்கிறாள் மகள். தந்தை அவளை அறையில் பூட்டவில்லை. தூதனுப்பி அந்த இளைஞனை மிரட்டவுமில்லை. தாமே மகளோடு காட்டுக்குச் சென்று, கண்ணிழந்த அந்த முன்னாள் அரசர் முன் பணிந்து பெண்ணைக் கொடுக்கிறார். தம் கவலையை அவர் சொன்னார், பிறகு சாட்சியானார். சாவித்திரி விரதம் நோற்கும் இல்லங்களில் சத்தியவானை மீட்ட கதை மட்டும் சொல்லப்படுகிறது. தந்தை காட்டுக்குப் போன பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

விடுபட்ட பகுதியின் விலை பெரிது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த இளைஞர் ஒருவர் கடைவீதியில் மனைவியின் கண்முன் வெட்டிக் கொல்லப்பட்டார். 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம், வயது வந்த இருவர் மணக்க இசைந்தால் குடும்பத்தின், குலத்தின், சமூகத்தின் சம்மதம் தேவையில்லை என்று கூறி, அத்தகையோருக்குப் பாதுகாப்பு இல்லங்கள் வரை மாநிலங்களுக்குக் கட்டளைகள் இட்டது. 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் வயது வந்தோரிடம் பெற்றோர் கையெழுத்தைக் கேட்பதில்லை.

கன்னட நாட்டுக்கு இது புதிய பாடமும் அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரில், பசவண்ணரின் அடியார்களான மதுவரசரும் ஹரளய்யரும் தம் மக்களுக்கு மணம் செய்வித்தனர். முன்னவர் அந்தண குலத்தில் வந்தவர், பின்னவர் செருப்புத் தைப்பவர். முறை கெட்டது என்று முறையிட்டவர்கள் பேச்சைக் கேட்டு அரசன் பிஜ்ஜளன் அந்தத் தந்தையர் இருவரையும் கொல்வித்தான் என்பது மரபு. முறையிட்டவர்களின் பெயரைக் கன்னட மக்கள் யாரும் நினைவில் வைக்கவில்லை. ஹரளய்யர் இன்றும் சரணர் என்று தொழப்படுகிறார்.

இவ்வளவு சொன்னபின் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நிறைவாக வரும் திருவிளையாடலையும் சொல்லிவிட வேண்டும். மதுரை வணிகன் ஒருவன், இறந்துபோன மாமனின் மகளை உடன் அழைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறான். சுற்றத்தார் முன்னிலையில் மணப்பதாக எண்ணம். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருப்புறம்பியத்தில் இரவு தங்கும்போது பாம்பு தீண்டி அவன் இறக்கிறான். பெண்ணின் அழுகை கேட்டு அங்கே எழுந்தருளிய திருஞானசம்பந்தர் அவனை உயிர்ப்பிக்கிறார். மணமாகாத பெண்ணோடு வழிப்பயணமா என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. இங்கேயே இவளை மணந்துகொள் என்கிறார். உறவினர் இல்லையே, சாட்சி இல்லையே என்று வணிகன் தயங்குகிறான். இந்த வன்னி மரமும் கிணறும் சிவலிங்கமும் சாட்சி என்று சொல்லி, ஆளுடைய பிள்ளையார் மணத்தை நடத்திவைக்கிறார்.

மதுரையில் வணிகனுக்கு முன்பே ஒரு மனைவி உண்டு. பல ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகளிடையே மூண்ட சண்டையில், உன் திருமணத்துக்குச் சாட்சி யார் என்று அவள் இளையவளை இகழ்கிறாள். வன்னியும் கிணறும் இலிங்கமும் சாட்சி என்கிறாள் இவள். அப்படியானால் அவை இங்கே வரட்டும் என்று மூத்தவள் நகைக்கிறாள். இளையவள் சோமசுந்தரக் கடவுளின் சன்னிதிக்குப் போய் அழுகிறாள். மறுநாள் எல்லோரும் கோயிலுக்கு வந்து பார்த்தபோது, வடகிழக்கே மூன்றும் வந்து நின்றிருந்தன.

திருப்புறம்பியத்து இறைவனுக்குச் சாட்சிநாதர் என்று திருநாமம். மதுரைத் திருக்கோயிலில் அந்த வன்னியையும் கிணற்றையும் இலிங்கத்தையும் அடியார்கள் இன்றும் கண்டு வணங்குகின்றனர்.